வீதியில் வந்த மகிழ மரம்

அவளுக்கு வீட்டில் தூங்குமூஞ்சி என்று பெயர். உண்மையில் அவள் அதிகம் தூங்குகிறவள் அல்ல. கண் திறந்திருக்கும்போதே வேறெங்கோ போய்விடுகிறவள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும்வரை நிற்பாள்.

"பாத்துக்கிட்டுத்தானேடி நின்னே?" என்று அம்மா கத்தினால், "பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். எப்படி ஏறி வந்துச்சு தெரியுமா" என்பாள்.

அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அப்பா லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மேலே அண்ணாந்து பார்ப்பதும், யார் பேசினாலும் அதில் ஏதோ சத்தம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பதும் அவர் வழக்கம். அம்மாவின் தம்பி மருந்துக்கடை வைத்திருந்தார். அக்கா மகள் பார்மஸி படித்துவிட்டுத் தன் கடையிலேயே உட்காரலாம் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார். வீட்டில் அதுவே முடிவாகிவிட்டிருந்தது. அவளும் மறுத்ததில்லை. மறுக்கவேண்டிய விஷயம் என்று அதை அவள் கவனித்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம், பரீட்சை விடுமுறையில் ஒரு நாள், பாத்திரம் தேய்க்கும் பொடியைத் தேடி அடுப்படித் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். மூலையில் யாரோ மறந்துபோன ஒரு உருளைக்கிழங்கு கிடந்தது. அது சுருங்கி, தோல் தொய்ந்து போயிருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு முளை கிளம்பியிருந்தது. வெள்ளைவெளேரென்று, இலையே இல்லாமல், அவள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, சோப்புப் பெட்டியைச் சுற்றி, குழாயின்மேல் ஏறி இறங்கி, கதவு சரியாக மூடாத இடத்தில் விழுந்த வெளிச்சக் கீற்றுக்கு நேராக வந்து நின்றிருந்தது.

அம்மா வேலை முடிந்து வந்தபோது மகள் அடுப்படித் தரையில், திறந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பல்லி ஏதும் செத்துக் கெடக்கா?"

"அம்மா, இதுக்குக் கண்ணு இல்ல. வழி யாரு சொன்னது?"

"எதுக்குடி?"

"நான் செடி படிக்கப் போறேம்மா."

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் விஷயம் போனது. படிப்பின் பெயர் தோட்டக்கலை என்று அவள் சொன்னாள். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கலையா, களையா? களை புடுங்குறதுக்கா காலேஜு?" என்றார். அம்மா தம்பிக்குப் போன் போட்டுப் புலம்பினாள். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"விடுக்கா. மருந்துக்கடையில இவ பராக்கு பாத்தா மாத்திரை மாறிடும். செடிகிட்ட பராக்கு பாத்தா யாருக்கு என்ன கேடு? போய்ட்டுப் போறா."

இப்படித்தான் அவளுக்கு அனுமதி கிடைத்தது.

கல்லூரி ஊருக்கு வெளியே இருந்தது. விடுதியில் விட வந்த அப்பா, திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, "ஏ தூங்குமூஞ்சி! பக்கெட்ட மறந்துட்டே!" என்று உரக்கக் கத்தினார். பெயர் அன்றே விடுதி முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாரமே தாவரவியல் வகுப்பை மரங்களுக்கு நடுவே நடத்திய ஆசிரியர், குடை மாதிரி விரிந்த ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "இதோட பேரு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். "தூங்குமூஞ்சி மரம் சார்" என்று யாரோ சொன்னார்கள். வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சாயங்காலம் தனியாகத் திரும்பிப் போய் அதன் கீழே நின்று, வெயில் தணியத் தணிய இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்புவதைப் பார்த்தாள். மரத்தின் நிழல் மெலிந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நிழல் எது, பொழுது சாய்ந்த இருட்டு எது என்று தெரியவில்லை. அவள் திரும்புவதற்குள் விடுதியில் வருகைப் பதிவு முடிந்துவிட்டது.

அறைத்தோழி அவளுக்கு நேர் எதிர். சுறுசுறுப்புக்காரி. ஒட்டுக்கட்டும் வகுப்பில் முதல் நாளே அவள் கை விளையாடியது. ஒரு செடியின் தண்டைச் சீவி இன்னொரு செடியின் வெட்டுக்குள் பொருத்திக் கட்டவேண்டும். அவள் கட்டியதெல்லாம் பிடித்தது. அதனால் அவளுக்கு 'ஒட்டு' என்று பெயர். யாரோடும் உடனே ஒட்டிக்கொள்வாள் என்பது இன்னொரு காரணம்.

தூங்குமூஞ்சி கட்டியது ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அவளுக்குச் சீவத் தெரிந்தது. ஆனால் சீவியபின் அந்தப் பச்சை வெட்டைப் பார்ப்பாள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நூல்போல ஓடும் ஈரமான வரியைப் பார்ப்பாள். அதற்குள் அது காய்ந்துவிடும்.

செய்முறைத் தேர்வில் மேற்பார்வையாளர் அவள் மேஜையருகே நின்று, "ஏம்மா, செடிக்கு ஆபரேஷன் பண்றியா, ஜோசியம் பாக்கறியா?" என்று கேட்டார். அந்தத் தாளில் அவள் தோற்றாள்.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள். மறுமுனையில் அப்பா மெல்ல, "பார்மஸியில எடம் இருக்கான்னு மாமாவ விசாரிக்கச் சொல்லவா?" என்றார்.

"வேண்டாம்பா."

"கோவத்துல கேக்கலம்மா. நெசமாத்தான் கேக்கறேன்."

"தெரியும்பா. நானும் நெசமாத்தான் சொல்றேன்."

அடுத்த பருவத்தில் மண்ணியல் வகுப்பு வந்தது. எடுத்தவர் கரகரத்த குரலும் எப்போதும் மண்படிந்த செருப்புமாக இருக்கும் பேராசிரியை. மாணவர்களை அழைத்துப் போய், ஒரு கொய்யாவின் பக்கத்தில் ஆளுயரப் பள்ளம் வெட்டச் சொன்னார். பிறகு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீரை நிரப்பி, பள்ளத்தின் சுவரை மெல்ல மெல்லக் கழுவி, வேர்கள் அறுந்துபோகாமல் வெளியே கொண்டுவர வேண்டும். எல்லாரும் அரை நாளில் அலுத்துப்போனார்கள். ஒட்டு, "என்னால முடியாதுடி, இது கொய்யாவக் குளிப்பாட்டுற வேலை" என்று கரையேறிவிட்டாள்.

தூங்குமூஞ்சி மட்டும் பள்ளத்துக்குள்ளேயே இருந்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேலேயுள்ள பேச்சும் வண்டிச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல மங்கலாகக் கேட்டன. தெளிப்பானை அழுத்த அழுத்த மண் கரைந்து, முதலில் தடித்த வேர்கள், அவற்றிலிருந்து விரல் மாதிரி வேர்கள், அவற்றிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய வேர்கள் வந்தன. ஒரு வேர் கல்லொன்றில் முட்டி, அதைத் தடவித் தடவிச் சுற்றிவந்து, மறுபக்கம் போயிருந்தது. கண் தெரியாத இடத்தில் ஒருவர் கையால் துழாவிக் கதவைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது. அவள் அதன்கூடவே போனாள். தலைக்குமேல் வெயில் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

பேராசிரியை பள்ளத்தின் விளிம்பில் வந்து குந்தினார்.

"சாப்பிட்டியா?"

"இல்ல மேடம்."

"நாளைக்குச் சாப்பிட்டுட்டு வா. இது ஒரு மாசத்து வேலை."

ஒரு மாசம் என்றதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒட்டிடம் மட்டும், "நான் மெதுவா இருக்கிறது தப்பில்லாத ஒரு எடம் இருக்குடி" என்றாள். ஒட்டு அவளுக்கு ஒட்டுக்கட்டச் சொல்லிக் கொடுத்து, அந்தத் தாளில் எப்படியோ தேறவைத்தாள். பட்டம் முடிந்ததும் ஒட்டு சொந்தமாக நாற்றங்கால் போட்டாள். தூங்குமூஞ்சி மேற்படிப்புக்கு வேர்களையே எடுத்துக்கொண்டாள். வளர்ந்த மரங்களை வேரோடு இடம் மாற்றும் வித்தையைப் படித்தாள்.

படிப்பு முடிந்து நகரப் பூங்காத் துறையில் வேலை கிடைத்தது. வேலை என்னவோ, மேடைகளுக்கு அலங்காரத் தொட்டி அனுப்புவதுதான். யாராவது முக்கியஸ்தர் எங்காவது பேசினால் அவர் காலடியில் வைக்க வரிசையாகக் குரோட்டன்ஸ் தேவைப்படும். பேச்சு முடிந்து வாடித் திரும்பும் தொட்டிகளை மறுபடி தேற்ற வேண்டும். பம்ப் அறைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு மேஜை. ஜன்னலுக்கு வெளியே எரு மூட்டைகள். மத்தியானங்களில் பம்பு ஓடும்போது மேஜையிலுள்ள தண்ணீர்க் குவளை நடுங்கும். அந்த வட்ட வட்டமான அலைகளைப் பார்த்தபடி அவள் வேர்களை நினைத்துக்கொண்டிருப்பாள். சில வருஷங்கள் அப்படியே போயின.

"இத்தன படிச்சிட்டுத் தொட்டி தூக்குறியே" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

"நான் தூக்கறதில்லம்மா. எண்ணித்தான் அனுப்பறேன்."

"ரொம்பப் பெருமைதான்."

கடைத்தெருவுக்குப் போகும் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே உள்ள மரங்களைப் பார்க்க அவள் ஒரு காலை நேரத்தில் போனாள். பெரும்பாலானவை ஏற்கெனவே பட்டுக்கொண்டிருந்தவை. ஒன்று மட்டும் அப்படியல்ல. ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு வெளியே ஒரு மகிழ மரம் இருந்தது. அப்படி ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. வரிசையில் நிற்பவர்கள் அதில் சாய்ந்துகொள்வார்கள். சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். தண்டில் விளம்பரத் தகடுகளுக்காக அடித்த ஆணிகள் இருந்தன. தரையெங்கும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூ கொட்டிக் கிடந்தது. மிதிபட்டும் மணத்தது.

சாலைப் பொறியாளர் பருத்த, வேடிக்கையாகப் பேசும் மனிதர். அவர் அறைக்குப் போய் அந்த மரத்தைத் தனக்குத் தரும்படி கேட்டாள்.

"எடுத்துக்கோங்க. நாளைக்கே."

"நாளைக்கு முடியாது சார். இந்த மழை முடிஞ்சு, அடுத்த மழையும் முடியணும்."

அவர் சிரித்து ஓய்ந்தார். "ஏம்மா, மரத்துக்குச் சீமந்தமா நடத்தப் போறீங்க?"

"பாதி வேரை இப்ப வெட்டணும் சார். அந்தப் பக்கம் புது வேர் விட்டப்புறம் மீதிப் பாதி. ஒரே நாள்ல புடுங்கினா அது மரமில்ல, விறகு."

அவர் அவளைக் கொஞ்சம் பார்த்தார். சாலை வேலை மறுகோடியிலிருந்துதான் தொடங்குவதாக இருந்தது. "நான் அந்த முனையிலேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள கெளப்பிடணும். இல்லேன்னா ரோடுதான் ஜெயிக்கும்" என்றார்.

மரத்தைச் சுற்றி அரைவட்டமாகப் பள்ளம் வெட்டினார்கள். தடித்த வேர்களை அவள் கையாலேயே ரம்பத்தால் அறுத்து, முனைகளை மழமழவென்று சீவி, மக்கிய இலையுரத்தால் பள்ளத்தை நிரப்பினாள். பிறகு காத்திருந்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே இறங்கி, விரலால் உரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்பாள். மழை பிடித்துக்கொண்டது. வேர்கள் பற்றிக் கனவுகள் வந்தன. ஒரு கனவில் அவள் கட்டிலில் படுத்திருக்க, கால்விரல்கள் போர்வைக்கு வெளியே நீண்டு, தரையின் ஓடுகளுக்கு நடுவே இறங்கி, கீழ்வீட்டுக்காரர்களின் உறக்கத்தைக் கலைக்காமல் சுவர் வழியே மண்ணுக்குப் போயின. மண் இதமாக இருந்தது. விழித்தபிறகும் பாதங்கள் ஈரமாக இருப்பதுபோலத் தோன்றியது. ஒரு காலையில் விரலால் உரத்தை விலக்கியபோது, அறுத்த முனையிலிருந்து சேமியா போல வெள்ளையாகப் புதுவேர்கள் கொத்தாக வந்திருந்தன. அதைத் திரும்ப மூடிவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்ததும் மறுபக்கத்து வேர்களையும் அதேபோல அறுத்து மூடினாள். அடுத்த மழையும் முடிந்தது. பொறியாளரின் இயந்திரங்களின் சத்தம் தெருக்கோடியில் கேட்கத் தொடங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மரத்தைத் தூக்கினார்கள். கிளைகளைக் கொஞ்சம் கழித்து, வேரைச் சுற்றிய மண்ணுருண்டையைச் சாக்கால் பொதிந்து, அகலப் பட்டைகளால் கட்டியிருந்தார்கள். கிரேன் முனகியது. மரம் ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு சத்தமே இல்லாமல் தரையை விட்டு மேலே வந்தது. உரிம அலுவலகத்தின் காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

தாழ்வான நீள லாரியில் மரத்தை நிமிர்த்தி நிறுத்திக் கட்டி, நடக்கும் வேகத்தில் ஓட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முன்னால் போனவர்கள் கம்பிகளைக் கழியால் உயர்த்திக் கொடுத்தார்கள். அவள் மரத்தோடு லாரியின்மேல் நின்றாள். ஒட்டு தன் நாற்றங்காலின் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, இலைகளுக்கு ஈரம் அடித்துக்கொண்டே கூட நின்றாள். அப்பா லாரிக்குப் பின்னால் வீட்டுச் செருப்போடு நடந்து வந்தார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "மேல நிக்குதே, எம் பொண்ணுதான்" என்றார். மரத்தில் ஓர் அணில் இறங்க மறுத்து உச்சிக்கும் நடுவுக்குமாக ஓடியது. "அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அவர் லாரிக்காரரைக் கேட்டார்.

தெரு இன்னும் முழுதாக விழிக்கவில்லை. மின்சாரம் இல்லாத மாடி ஜன்னல்களில் மெழுகுவத்திகள் எரிந்தன. பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். தலை பின்னிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கையை நீட்ட, இலைகள் அவள் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு போயின. அவள் அந்தக் கையை மோந்து பார்த்தாள். கட்டிலில் படுத்தே கிடக்கும் ஒரு பெரியவரின் ஜன்னலில் எப்போதும் எதிர்ச்சுவர் மட்டுமே தெரியும். அன்று அந்தச் சதுரம் முழுக்கப் பச்சை நிறைந்து, அசைந்து, மெல்ல நகர்ந்து போயிற்று. பூக்கள் பின்னால் உதிர்ந்துகொண்டே வந்தன. லாரியின்மேல் நின்ற அவளுக்கு, தாங்கள் நகரவில்லை என்றும், வீடுகள்தான் ஒவ்வொன்றாக வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போகின்றன என்றும் தோன்றியது.

ஜவுளிக்கடை முனையில் லாரி நின்றது. அங்கே தெரு திரும்புகிறது. முன்தள்ளிய ஒரு பால்கனியின் இரும்புக் கம்பியில் மரத்தின் பெரிய இடதுகிளை முட்டியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முன்பு வழியை அளந்து பார்த்தபோது அந்தக் கம்பித் தடுப்பு இல்லை. நேற்றுத்தான் வைத்தார்களாம்.

"கம்பிய அறுத்துடலாமா?" என்றார் கூடவே வந்திருந்த பொறியாளர்.

"யார் வீட்டுக் கம்பிய?" என்று மேலேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பெயிண்டே இன்னும் காயல!"

பின்னால் பால் வண்டியும் பேருந்தும் வந்து நின்று ஹாரன் அடித்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நின்றால் இலைகள் வாடத் தொடங்கும். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்பாவும் அண்ணாந்து பார்த்தார். மகள் வேறெங்கோ போய்விடுவாளோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ரம்பத்தைக் குடு" என்றாள்.

ஒட்டு எடுத்துக் கொடுக்கும்போது, "நான் வெட்டட்டுமாடி? எனக்குக் கை வரும்" என்றாள் தாழ்ந்த குரலில்.

"இல்லடி. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவள் மரத்தில் ஏறினாள். கிளை கிழிந்து பட்டையை உரித்துவிடாதபடி முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலே. கிளை தடாரென்று சாய, முன்பே அதில் கட்டிவைத்த கயிறு அதைத் தாங்கிக்கொண்டது. மீந்த கட்டையை, கிளை தண்டோடு சேரும் கழுத்தையொட்டிச் சீராக அறுத்தாள். பால் கசிந்து அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஒரு தடவைகூட அவள் நின்று பார்க்கவில்லை. லாரி கிளம்பிய பிறகுதான் உட்கார்ந்தாள். மரத்தின் வடிவமே மாறியிருந்தது. ஒரு தோள் இல்லாதவர்போல அது நின்றது. ஒட்டு தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுவே, வெறும் மண்ணாகக் கிடந்த முற்றத்தில் மரத்தை நட்டார்கள். சில வாரங்களில் இலைகள் எல்லாம் உதிர்ந்தன. அணிலும் போய்விட்டது. குடியிருப்புக்காரர்கள் அந்தக் குச்சிக்கூட்டத்தில் துணி காயப்போட்டார்கள். பொறியாளர் சந்திக்கும்போதெல்லாம், "காரியம் என்னிக்கும்மா?" என்று கேட்டார். ஆனால் கிண்டல் செய்த பிறகு தண்ணீர் லாரியைத் தவறாமல் அனுப்பிவைத்தார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நீ பட்டினி கெடந்தா அது துளிர்க்குமா? எனக்கென்னவோ ரெண்டும் சேந்து காயப் போவுதுன்னுதான் தோணுது" என்று அம்மா தட்டை அவள் மடியில் வைத்தாள்.

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும், பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரு நாள் காட்டிக் கொடுத்தாள். அது வினையாகிவிட்டது. அவர் வேலை விட்டு வரும்போதெல்லாம் முற்றத்துக்குப் போய் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

"அப்பா, நீங்க சுரண்டியே அதைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!"

"ஒரே ஒரு எடத்துலதாம்மா."

"தெனமும் ஒரே ஒரு எடம்!"

கோடை வந்தது. வெயிலில் நகரமே கண்ணை மூடிக்கொண்டு கிடந்த ஒரு மத்தியானம், அவள் முற்றத்தில் தண்ணீர்க்குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஈரமண்ணின் வாசனையில் மனம் எங்கோ போயிருந்தது. துளிர் எதிர்பார்த்த உச்சியிலோ கிளை நுனிகளிலோ ஒன்றுமில்லை. ஆனால் தண்டின் அடிப்பக்கம், பழைய ஆணித்துளை ஒன்றுக்கு மேலே, பட்டை வெடித்துச் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. எறும்பு என்று நினைத்துத் தள்ளிவிடக் கையை நீட்டினாள். அது போகவில்லை. கீழே குனிந்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதற்கு மேலே வரிசையாக இன்னும் பல. குழாய் கையிலிருந்து நழுவி அவள் புடவையை நனைத்துக்கொண்டு ஓடியது.

மரம் பிழைத்தது. வளர்ந்ததென்னவோ கோணலாகத்தான். வெட்டுப்பட்ட பக்கத்தில் அது நிரம்பவே இல்லை. துறையில் தொட்டிக் கணக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, நகரத்தில் வழிமறிக்கும் மரங்களையெல்லாம் அவளிடம் விட்டார்கள். அவள் கொண்டுபோனவற்றில் எல்லாமே பிழைத்தன என்று சொல்ல முடியாது. இரண்டு வாகைகள் பட்டுப்போயின. ஒவ்வொன்றுக்கும் அவள் கொஞ்ச நாள் சாப்பிடாமல் இருந்தாள். அம்மா தட்டை மடியில் வைத்தாள்.

சில வருஷங்கள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர் பேசினார். முற்றத்து மரம் பெரிய தொல்லையாகிவிட்டது, யாராவது வந்து பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் விடிகாலையில் அவளே போனாள். அவர் புதிதாகக் குடிவந்தவர். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. வெயில் வருமுன் அவளைக் கையோடு முற்றத்துக்கு அழைத்துப் போய்த் தன் காரைக் காட்டினார். காரின் கூரை, கண்ணாடி, பானெட் எங்கும் வெளிறிய சிறு நட்சத்திரங்கள் அப்பிக் கிடந்தன.

"பாருங்க மேடம். தெனமும் இதே கதை. தொடைச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி கொட்டுது. வண்டிக்குள்ளல்லாம் இதே வாசனை. ஆபீஸ்ல எல்லாரும் என்ன சென்ட்டுன்னு கேக்கறாங்க. மேல அணில் வேற குடும்பம் நடத்துது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக இறங்கியது. எங்கோ ஒரு பூ காம்பை விட்டுக் கழன்று, சுழன்று சுழன்று, அவசரமே இல்லாமல் வந்து அவள் தோளில் விழுந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், கேக்கறீங்களா? இதுக்கு ஏதாவது வழி உண்டா?"

"இல்ல சார்" என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த சேதியைச் சொல்ல வெளியே வருகிறவர்களின் முகம் போல இருந்தது அவள் முகம். "இதுக்கு இன்னும் ரொம்ப வயசு இருக்கு. இனிமே வருஷா வருஷம் அதிகமாத்தான் கொட்டும்."